கேட்கத் தெரிந்தவரிடம் ஏன் மனம் திறக்கிறோம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் இருந்துகொண்டு 22 வருடம் மெடிக்கல் ரெப்பாக அலைந்தவன் நான். தென்காசி, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று டாக்டர்களின் வாசலிலும் மருந்துக்கடைக் கவுன்ட்டரிலும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் சில வருடங்கள் தேறும். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மருந்தைப் பற்றி அவர்கள் கேட்பது குறைவு. "ஆட்களிடம் எப்படிப் பழகுவது?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். அடிக்கடி வந்தவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு நன்றாகப் பேச வராது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்காவது என்னைப் பிடிக்குமா?

பிடிக்கும். ஆனால் "சும்மா" கேட்டால் பிடிக்காது. தமிழில் காது கொடுப்பதற்கும் கேட்பது என்றுதான் பெயர், வினவுவதற்கும் கேட்பது என்றுதான் பெயர். இந்த இரண்டும் சேர்ந்து நடக்கிற இடத்தில்தான் மனிதர்கள் நெருங்கி வருகிறார்கள்.

2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத இருவரை 15 நிமிடம் கணினி வழியாகப் பேச விட்டார்கள். சிலரிடம் குறைந்தது 9 கேள்வியாவது கேளுங்கள் என்றும், சிலரிடம் 4-க்கு மேல் கேட்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நிறையக் கேட்டவர்களையே எதிராளிக்கு அதிகம் பிடித்திருந்தது. அதிலும் எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. எதிராளி சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அதன் தொடர்ச்சியாக எழும் கேள்விக்குத்தான் பலன் அதிகம்.

அது எப்படி இருக்கும்? "எங்கிருந்து வர்றீங்க?" "கடையநல்லூர்." "சரி. எத்தனை வருஷமா இங்க வேலை?" இது விண்ணப்பப் படிவம் நிரப்புவது. "கடையநல்லூரா? தினமும் போய்வரணுமே, ட்ரெயினா பஸ்ஸா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்ன ஊர் உங்கள் காதில் விழுந்திருக்கிறது, அந்தத் தூரத்தை நீங்கள் ஒரு நொடி மனதில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரே சூத்திரம் இதுதான்: அடுத்த கேள்வி, அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்து பிறக்க வேண்டும்.

அப்படியானால் கேள்விகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாமா?

முதல் கேள்வியைத் தயாரிக்கலாம். இரண்டாவதைத் தயாரிக்க முடியாது. அதைத் தயாரித்து வைத்துக்கொண்டு போய் நான் பட்டது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் டைரி வைத்துக்கொள்வது வழக்கம். டாக்டரின் பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் இருக்கும். ஒரு டாக்டரைப் பற்றி "மகன் – இன்ஜினியரிங், முதல் வருடம்" என்று எழுதி வைத்திருந்தேன். உள்ளே போகும் முன் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்ததும், "தம்பிக்கு காலேஜ் எப்படிப் போகுது சார்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போன தடவை வந்தப்பவே சொன்னேனே. காலேஜை விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டான்னு. நீங்கதான் 'சரிங்க சார்'னு சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டுனீங்க."

அவர் சொல்லியிருக்கிறார். வெளியே 40 பேர் காத்திருக்கும்போது, ஒரு மனிதர் தன் வீட்டுக் கவலையை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அடுத்து எந்த மருந்தின் படத்தைக் காட்டுவது என்ற யோசனையில் இருந்திருக்கிறேன். டைரியில் குறித்து வைப்பது தப்பில்லை, இன்றும் குறிக்கத்தான் சொல்கிறேன். ஆனால் முன்னால் இருக்கும் ஆளை விட்டுவிட்டு டைரியோடு பேசக் கூடாது. அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய இடத்துக்கு வர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

உண்மையிலேயே ஆர்வம் வரவில்லை என்றால் என்ன செய்வது? நடிக்க வேண்டுமா?

வேண்டாம். நடிப்பு முகத்தில் தெரிந்துவிடும். ஆர்வம் என்பது இருக்கும் அல்லது இருக்காது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகுதான் வருகிறது.

தென்காசிப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்காரர். நான் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எனக்கும் ஆர்டர் எடுப்பதைத் தவிர அவரிடம் வேறு வேலை இல்லை. ஒரு நாள் மதியம் நல்ல மழை, கடையை விட்டு நகர முடியவில்லை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "அண்ணாச்சி, இந்தத் தொழில்ல உங்களுக்குப் பெரிய தலைவலி எது?" என்று கேட்டேன். அவர் பின்பக்கம் போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அத்தனையும் எக்ஸ்பயரி ஆன மருந்து. எந்தக் கம்பெனி சரக்கைத் திரும்ப எடுக்கும், எது இழுத்தடிக்கும், மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து கிரெடிட் நோட் (திருப்பிக் கொடுத்த சரக்கின் பணத்தைக் கழித்துக்கொள்ளத் தரும் சீட்டு) வர எத்தனை மாதம், அதுவரை அந்தப் பணம் எப்படி முடங்கிக் கிடக்கும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் இருமல் சிரப்பில் எது முதலில் தீரும், எதைக் கூடுதலாக வாங்கிப் போட்டால் அடுத்த வருடம் இந்தப் பெட்டிக்குள் வந்து சேரும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. பத்து வருடம் படித்தாலும் எனக்குக் கிடைக்காத படிப்பு அது. மழை விட்ட பிறகும் நான் கிளம்பவில்லை.

எந்த மனிதருக்கும் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். அதைத் தேடிப் போனால் ஆர்வம் தானாக வந்துவிடும்.

தனிப்பட்ட விஷயங்களை எதுவரை கேட்கலாம்? "அக்கறையாகத்தானே கேட்டேன்" என்றால் கோபப்படுகிறார்களே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. ரயிலில் ஏறி அரை மணி நேரத்தில் சம்பளம், சொந்த வீடா வாடகையா, கல்யாணம் ஆயிற்றா எல்லாம் கேட்டு முடித்துவிடுவோம். இதில் பாதி அன்பால் கேட்பது, மறுக்கவில்லை. மீதிப் பாதி அளந்து பார்ப்பது.

"எந்த ஊர்?" என்பது நல்ல கேள்வி. "அங்க எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்பது என்னத்துக்கு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெருவில் பிடிபடவில்லை என்றால் "குலதெய்வம் எது?", "அப்பா பேர் என்ன?" என்று சுற்றி வளைத்து வருவார்கள். சாதியைத் தெரிந்துகொள்ளாமல் அந்த விசாரணை முடியாது. வாயில் புன்னகை இருக்கும், குரலில் குழைவு இருக்கும். ஆனால் பதில் சொல்கிறவருக்கு வயிற்றில் ஒரு பயம் எழும். வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில், புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில், இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். இதை அக்கறை என்று யாரும் சொல்லக் கூடாது.

கல்யாணமான பெண்ணைப் பார்த்து "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பதும் அப்படித்தான். எத்தனை வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிறாரோ, எதை இழந்துவிட்டு வந்து நிற்கிறாரோ நமக்குத் தெரியாது. குழந்தைப்பேறு டாக்டர்களின் வரவேற்பறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பயந்து ஊர்த் திருவிழாவுக்கே போகாத பெண்கள் அங்கே இருந்தார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. வரும் பதிலை வைத்து அவரை ஒரு பெட்டிக்குள் போடப் போகிறேனா, அல்லது அவர் பேச விரும்புவதைப் பேச இடம் கொடுக்கிறேனா? முதலாவது என்றால் கேட்கவே கூடாது. அவர் எந்தக் கதவைத் திறந்தாரோ அந்தக் கதவு வழியாக மட்டும் உள்ளே போங்கள். அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னால் மகளைப் பற்றிக் கேளுங்கள். கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால் அந்த மௌனத்தையும் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள். கேட்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

அதற்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைந்த நேரமே போதும். டாக்டர்களை வைத்தே சொல்கிறேன். 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 74 நோயாளிகளின் சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கே புகுந்திருக்கிறார். விட்டால் பேசிக்கொண்டே போவார்கள் என்ற பயம்தான் காரணம். சரி, விட்டுத்தான் பார்த்தால்? 2002-இல் சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். 335 நோயாளிகளை அவர்களாக நிறுத்தும் வரை பேச விட்டார்கள். சராசரி 92 நொடி. முக்கால்வாசிப் பேருக்கு மேல் 2 நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஒன்றரை நிமிடம்! கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்கிலும் நோயாளியை முழுதாகப் பேசவிடும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேடித்தான் ஜனங்கள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். வெளியே வரும்போது "டாக்டர் நல்லா விசாரிச்சாரு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கொடுத்த மருந்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

எதிரில் இருப்பவர் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். அப்போது?

காத்திருங்கள். நாம் காத்திருப்பதாக நினைப்போம், ஆனால் காத்திருப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகப் பொறுப்பது ஏறக்குறைய ஒரே ஒரு நொடி. அதை 3 நொடியாக நீட்டச் சொன்னதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று தெரியும்.

அப்புறம், முகத்துக்கு நேராக உட்கார வைத்துக் கேட்டால் சிலருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். வெங்காயம் உரிக்கும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, டீக்கடை பெஞ்சில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சு வரும். பாட்டி கதை சொல்லும்போது "ம்" கொட்டுவோமே, அந்த "ம்" போதும். அது நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவார், நாம் தூங்கிவிட்டோம் என்று. பெரியவர்களுக்கும் அதேதான்.

சிலர் கடைசி வரை பேச மாட்டார்கள். அது அவர்கள் உரிமை.

நிறுத்தாமல் பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்டால்?

எழுந்து போகலாம், மரியாதையாகச் சொல்லிவிட்டு. கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதைவிட "அண்ணே, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், இந்தக் கதையின் மீதியை அடுத்த வாரம் கேட்கிறேன்" என்பது நல்லது. சொன்னபடி அடுத்த வாரம் கேட்கவும் வேண்டும்.

ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது நான் வழி சொல்ல வேண்டாமா? சும்மா தலையாட்டினால் அலட்சியம் போலத் தெரியாதா?

பிரச்சினையைக் கேட்டதும் தீர்வு சொல்ல நாக்கு துடிக்கும். எனக்கும் துடிக்கும். ஆனால் பெரும்பாலும் அவர் அதையெல்லாம் ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருப்பார்.

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-இல், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார். ஆலோசனை சொல்வது அவர் வேலை. அவரைப் பார்க்க வந்து காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துத் துணைக்கு உட்கார்ந்திருந்தார்கள் தொண்டர்கள் சிலர். அவர்கள் எந்தப் பயிற்சியும் பட்டமும் இல்லாத சாதாரண ஜனங்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, அவரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே அந்தப் பொறுப்பைத் தொண்டர்கள் கையில் கொடுத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி உருவானதுதான். சென்னையில் 1986-இல் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இப்படிக் காது கொடுக்கும் தொண்டர்களால்தான் நடக்கிறது.

நம்மிடமும் இது இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் "துட்டி கேட்கப் போறேன்" என்பார்கள். சொல்லப் போவதில்லை, கேட்கப் போகிறோம். இறந்தவரின் மனைவி, கடைசி ராத்திரி என்ன நடந்தது, என்ன சாப்பிட்டார், எப்போது நெஞ்சைப் பிடித்தார் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வார். இருபதாவது ஆளும் அதை முதல்முறை போலக் கேட்பார். யாரும் "ஏற்கெனவே கேள்விப்பட்டேன்" என்று சொல்வதில்லை. அந்தப் பொறுமை நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாவு வீட்டுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

வழி சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா போதுமா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத கருத்துள்ளவரிடமும் இது செல்லுமா?

அங்கேதான் கஷ்டம், அங்கேதான் பலனும். அமெரிக்காவின் மயாமியில் 2015-இல் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், திருநர்களைப் பற்றி வாக்காளர்களிடம் 10 நிமிடம் அளவில் பேசினார்கள். வாக்குவாதம் செய்யவில்லை. நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காக உங்களை யாராவது மட்டமாக நடத்தியதுண்டா என்று கேட்டு, வந்த பதிலைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டார்கள். அந்தச் சின்னப் பேச்சால் குறைந்த வெறுப்பு, 3 மாதம் கழித்துக் கேட்டபோதும் குறைந்தே இருந்தது.

ஒருவர் சொல்வதைக் கேட்பது அதை ஒப்புக்கொள்வது ஆகாது. "இப்படி நினைக்க உங்களுக்கு எது காரணமாச்சு?" என்று கேட்டால் கருத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சம்பவம் வெளியே வரும். ஆனால் உங்களையே கீழாக நினைத்து அவமதிக்கும் ஆளின் பேச்சை உட்கார்ந்து கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

நான் பெண். அக்கறையாக இரண்டு வார்த்தை கேட்டால் சில ஆண்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய?

எங்கள் தொழிலுக்கு வரும் பெண் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது. முதலில், தப்பு அவர்கள் மேல்தான், உங்கள் மேல் இல்லை. பேச்சை வேலையைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள், "உங்கள் கடையில் எந்த நேரம் கூட்டம்?" என்பது போல. கம்பவுண்டரோ நர்ஸோ பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது என்று தோன்றிய உடனே எழுந்துவிடுங்கள். ஆர்டர் போனால் போகட்டும். மேலாளரிடம் சொல்லுங்கள். அதைக் காது கொடுத்துக் கேட்காத மேலாளர் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை.

கடைசியில் இது ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவதுதானே?

இதைக் கேட்காத ஆள் இல்லை. ஆர்டர் கிடைக்காது என்று தெரிந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? அதை உங்களுக்குள் பார்த்துக்கொண்டால் பதில் தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு காலத்தில் அன்பளிப்புகள்தான் பேசின. மத்திய அரசு 2024-இல் வெளியிட்ட நெறிமுறை, டாக்டர்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ மருந்துக் கம்பெனிகள் பரிசுப்பொருள் கொடுக்கக் கூடாது என்கிறது. நல்லதுதான் என்பேன். புதுப் பிள்ளைகள் "அப்ப எதை வச்சு சார் உள்ள போறது?" என்று கலங்குகிறார்கள். மருந்தைப் பற்றிச் சரியான தகவலும் இரண்டு காதும் போதும். அந்தத் தென்காசி அண்ணாச்சிக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. அவர் பெட்டியில் இருந்த எங்கள் கம்பெனிச் சரக்குக்கு மட்டும் அலைந்து திரிந்து கிரெடிட் நோட் வாங்கிக் கொடுத்தேன், அதுவும் அவர் சொன்னதைக் கேட்டதால் தெரிந்தது.

பேசும்போது ஃபோனை என்ன செய்ய?

பைக்குள் வையுங்கள். மேஜை மேல் கவிழ்த்து வைப்பதும் வேண்டாம்.

வெளியே எல்லோரிடமும் நன்றாகக் கேட்கிறேன். வீட்டில் முடியவில்லையே?

என் கதையும் அதுதான். பகலெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தால் மனைவி பேசுவது சத்தமாக மட்டுமே கேட்கும். வீட்டு ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதுதான் காரணம். தெரியாது.

என் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் வேலையை விட்ட பிறகு ஒரு சாயங்காலம், திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள நீங்க எந்த மெஷின்லப்பா நின்னீங்க?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. "ரிங் ஃபிரேம்" என்றார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். நூல் அறுந்தால் ஓடும் மெஷினை நிறுத்தாமல் விரலால் எப்படி ஒட்ட வைப்பது என்று கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். ஒரு ஆளுக்கு எத்தனை கதிர் (நூல் முறுக்கிச் சுற்றும் தண்டு) என்று கேட்டேன். யோசித்தார், ஞாபகம் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். காபியோடு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "நேத்து ஒண்ணு கேட்டியே," என்று தொடங்கினார்.